சாம்பியனை வெல்லப் போவது யார்?

உலகச் சதுரங்கச் சாம்பியன் ஒருவர் பட்டத்துடன் அமர்ந்திருக்கிறார். அவரை வீழ்த்தக் கூடியவர் யார் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா? இது தேநீர்க் கடை விவாதமாகத் தோன்றலாம். ஆனால் இக்கேள்விக்கு விடை தேடிய முயற்சியில் நூறாண்டு வரலாறும், நிகழ்தகவுக் கணிதமும், ஓர் இயற்பியல் ஆசிரியரின் வாழ்நாள் உழைப்பும் அடங்கியுள்ளன. சென்னைக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. 2013ஆம் ஆண்டில் உலகப் பட்டப் போட்டியே இந்நகரில் நடந்தது. 2024ஆம் ஆண்டில் இந்நகரைச் சேர்ந்த ஓர் இளைஞர் அப்பட்டத்தை வென்றார்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். இங்கே இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. சாம்பியனை எதிர்த்து ஆடும் உரிமை யாருக்கு என்பது ஒன்று. அவரை வெல்லும் வல்லமை யாருக்கு என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றே என்று பலரும் எண்ணுகின்றனர். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

பணப்பை தீர்மானித்த காலம்

1886ஆம் ஆண்டில் ஸ்டைனிட்ஸ், சூக்கர்டார்ட்டை வென்றதிலிருந்து உலகப் பட்டத்தின் வரலாறு தொடங்குகிறது. அதன் பின் அறுபது ஆண்டுக் காலம் பட்டம் சாம்பியனின் சொந்தச் சொத்துப் போலவே இருந்தது. யாருடன் ஆடுவது, எப்போது ஆடுவது, எவ்வளவு பணத்துக்கு ஆடுவது என்பதை அவரே முடிவு செய்தார். 1922ஆம் ஆண்டில் சாம்பியன் காப்பாபிளாங்காவின் முயற்சியால் சில விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றின்படி, சவால் விடுபவர் குறைந்தது 10,000 டாலர் பரிசுப் பணம் திரட்டிக் காட்ட வேண்டும். அக்காலத்தில் அது பெரும் தொகை. திறமை இருந்தும் பணம் திரட்ட முடியாதவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டனர்.

அந்தத் தடையைத் தாண்டியவர் அலெகைன். 1927ஆம் ஆண்டில் பியூனஸ் ஏர்ஸ் நகரில் அவர் காப்பாபிளாங்காவை எதிர்கொண்டபோது, வல்லுநர்களில் பெரும்பாலோர் சாம்பியனே வெல்வார் என்றனர். அதற்குக் காரணமும் இருந்தது. அதற்கு முன் அலெகைன் காப்பாபிளாங்காவை ஒரு முறைகூட வென்றதில்லை. 5 முறை தோற்றிருந்தார். அதே ஆண்டில் நியூயார்க்கில் நடந்த போட்டியிலும் காப்பாபிளாங்கா அவரைத் தெளிவாக முந்தியிருந்தார். ஆனால் 34 ஆட்டங்கள் நீண்ட அந்தப் போராட்டத்தில் அலெகைன் 6 வெற்றி, 3 தோல்வி, 25 டிரா என்று பட்டத்தைப் பறித்தார். எதிரியின் பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, எவ்வகை நிலைகளில் அவர் அலட்சியமாகக் காய் நகர்த்துகிறார் என்று கண்டறிந்ததே அவருடைய ஆயுதம்.

அலெகைனுக்கும் அதே கதி நேர்ந்தது. 1935இல் அவர் எதிர்கொண்ட மாக்ஸ் யூவே, ஹாலந்து நாட்டின் கணித ஆசிரியர். யாரும் பெரிதாக மதிக்காத அவர் 15½–14½ என்று வென்றார். இரண்டே ஆண்டுகளில் அலெகைன் பட்டத்தைத் திரும்பப் பெற்றார். அதே இருவர், அதே பலகை, முடிவு மட்டும் வேறு. ஆகவே 'யார் வலியவர்' என்பது கல்லில் பொறித்த எண் அன்று. காலத்தோடு மாறும் அளவு என்பது அன்றே புலப்பட்டிருக்க வேண்டும்.

உரிமைக்கு ஒரு வழி

1946ஆம் ஆண்டில் அலெகைன் சாம்பியனாகவே இறந்தார். யாரிடமிருந்து பட்டத்தை வெல்வது? ஃபிடே எனப்படும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு பொறுப்பை ஏற்றது. 1948இல் ஐவர் மோதிய போட்டியில் போட்வின்னிக் வென்றார். அதன் பின் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கத் தகுதிப் போட்டிகளும், அவற்றின் உச்சியில் கேண்டிடேட்ஸ் போட்டியும் ஏற்பட்டன. சாம்பியன் இனி எதிரியைத் தேர்ந்தெடுக்க இயலாது. ஆடி வென்றவர் வருவார். அவரோடு ஆடியே தீர வேண்டும்.

இது உரிமைக் கேள்விக்கு நேர்மையான விடை. வல்லமைக் கேள்விக்கு விடை கிடைத்ததா? 1960இல் மிகாயில் தால் 12½–8½ என்று போட்வின்னிக்கை வென்றார். மறு ஆண்டே மறுபோட்டியில் போட்வின்னிக் 13–8 என்று திரும்ப வென்றார். தகுதிப் போட்டி நல்ல வீரரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவர் வெல்வாரா என்பதை அது சொல்வதில்லை.

இங்கே ஒரு சிறு செய்தி. அந்தத் தாலின் பெயரில்தான் 1972ஆம் ஆண்டில் சென்னைச் சோவியத் பண்பாட்டு மையத்தில் ஒரு சதுரங்கக் கழகம் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் அதன் பின்னணியில் இருந்தார். சிறுவன் விசுவநாதன் ஆனந்த் பயிற்சி பெற்றது அங்கேதான்.

இயற்பியல் ஆசிரியரின் அளவுகோல்

ஹங்கேரியில் 1903ஆம் ஆண்டில் பிறந்த அர்பத் எலோ, அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் உள்ள மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்தவர். நல்ல சதுரங்க வீரரும்கூட. ஆட்ட வலிமையை ஓர் எண்ணால் அளக்க அவர் வகுத்த முறையை 1960இல் அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பும், 1970இல் ஃபிடேவும் ஏற்றுக்கொண்டன. இன்று 'எலோ புள்ளி' என்று நாம் சொல்வது அவருடைய பெயரையே.

முறையின் கரு எளிது. ஒரு வீரர் எல்லா நாளும் ஒரே மாதிரி ஆடுவதில்லை. அவருடைய ஆட்டம் ஒரு சராசரியைச் சுற்றி ஏறி இறங்குகிறது. இருவரின் சராசரிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் தெரிந்தால், அவர்கள் மோதும்போது யாருக்கு எத்தனை பங்கு புள்ளி கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். இதில் வெற்றிக்கு 1 புள்ளி, டிராவுக்கு அரைப் புள்ளி.

கணக்கு இதோ. வித்தியாசத்தை 400ஆல் வகுங்கள். வரும் எண்ணைப் பத்தின் அடுக்காக வையுங்கள். கிடைப்பது இருவரின் எதிர்பார்ப்புப் புள்ளிகளின் விகிதம். மடக்கை அட்டவணை கையில் இருந்தால் ஒரு நிமிட வேலை. சில விடைகள்:

வித்தியாசம் 0 — வலியவருக்கு 50 விழுக்காடு
வித்தியாசம் 50 — 57 விழுக்காடு
வித்தியாசம் 100 — 64 விழுக்காடு
வித்தியாசம் 200 — 76 விழுக்காடு
வித்தியாசம் 400 — 91 விழுக்காடு

ஆட்டம் முடிந்ததும் எண் திருத்தப்படுகிறது. பெற்ற புள்ளியிலிருந்து எதிர்பார்த்த புள்ளியைக் கழித்து, ஒரு மாறிலியால் பெருக்கி, பழைய எண்ணோடு கூட்ட வேண்டும். முன்னணி வீரர்களுக்கு அந்த மாறிலி 10. 63 விழுக்காடு எதிர்பார்க்கப்பட்டவர் வென்றால் 3.7 புள்ளி கூடும், தோற்றால் 6.3 குறையும், டிரா செய்தாலும் 1.3 குறையும்.

இந்த மாறிலி ஏன் இவ்வளவு சிறியது? எலோ தம் வேலையை, கொந்தளிக்கும் நீரில் ஆடும் தக்கையின் உயரத்தைக் காற்றில் அசையும் கோலால் அளப்பதோடு ஒப்பிட்டார். காசிமேட்டுத் துறைமுகத்தில் படகுகள் ஏறி இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமை உடனே விளங்கும். ஒவ்வோர் அலைக்கும் படகு துள்ளுகிறது. அந்தத் துள்ளலைப் பார்த்து, ஓதம் ஏறுகிறதா வடிகிறதா என்று சொல்ல முடியுமா? சென்னைக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான். அலையின் உயரமே சில நாட்களில் அதைவிட மிகுதி.

துறைமுகங்களில் இதற்கு ஓர் உபாயம் உண்டு. ஒரு செங்குத்தான குழாயைக் கடலில் நிறுத்தி, அதன் அடியில் சிறு துளை மட்டும் விடுவார்கள். சில நொடிகளில் வந்து போகும் அலைக்கு அந்தத் துளை வழியாக நீரை ஏற்றவோ இறக்கவோ நேரம் போதாது. பல மணி நேரம் எடுத்து ஏறும் ஓதத்துக்குப் போதும். ஆகவே குழாய்க்குள் இருக்கும் மிதவை அலையை விட்டுவிட்டு ஓதத்தை மட்டும் காட்டுகிறது. எலோ முறையின் சிறிய மாறிலி அந்தத் துளைதான். ஒருநாள் வெற்றியும் ஒருநாள் தோல்வியும் அலை. வீரரின் உண்மையான வலிமை ஓதம். துளை பெரிதானால் எண் துள்ளும். மிகச் சிறிதானால், வேகமாக வளரும் சிறுவனின் வலிமையை எண் பின்தங்கியே காட்டும். அதனால்தான் இளையோருக்கும் புதியவர்களுக்கும் ஃபிடே பெரிய மாறிலியை வைத்துள்ளது.

எண் பலித்த கதைகள்

1972இல் ரெய்க்யவிக் நகரில் ஸ்பாஸ்கியும் ஃபிஷரும் மோதினர். அதற்கு முன் ஃபிஷர் ஸ்பாஸ்கியை ஒரு முறைகூட வென்றதில்லை. 3 முறை தோற்றிருந்தார். நேர்மோதல் கணக்கைப் பார்த்தவர்கள் சாம்பியன் பக்கம் நின்றனர். எலோ எண் வேறு கதை சொன்னது: ஃபிஷர் 2785, ஸ்பாஸ்கி 2660. வித்தியாசம் 125, எதிர்பார்ப்பு 67 விழுக்காடு. ஃபிஷர் ஓர் ஆட்டத்துக்கு வரவே இல்லை. அதை விட்டுவிட்டால் 20 ஆட்டங்களில் 12½ புள்ளி பெற்றார். அதாவது 62½ விழுக்காடு.

இன்னும் வியப்பானது சென்னைப் போட்டி. 2013 நவம்பரில் ஆனந்தும் மாக்னஸ் கார்ல்சனும் மோதினர். அதற்கு முன் அவர்கள் ஆடிய 29 நீண்ட நேர ஆட்டங்களில் ஆனந்துக்கு 6 வெற்றி, கார்ல்சனுக்கு 3 வெற்றி, 20 டிரா. சொந்த ஊர், சாம்பியனின் அனுபவம், நேர்மோதலில் முன்னிலை எல்லாம் ஆனந்தின் பக்கம் இருந்தன. எண்கள் மட்டும் எதிர்ப்பக்கம்: கார்ல்சன் 2870, ஆனந்த் 2775.

95ஐ 400ஆல் வகுத்தால் 0.2375. பத்தின் அந்த அடுக்கு 1.73. ஆகவே கார்ல்சனுக்கு 63 விழுக்காடு; 10 ஆட்டங்களில் 6.3 புள்ளி. நடந்தது என்ன? 12 ஆட்டங்களுக்குத் திட்டமிட்ட போட்டி 10 ஆட்டங்களிலேயே 6½–3½ என்று முடிந்தது. நம் நெஞ்சம் ஏற்க மறுத்ததை எண் முன்பே சொல்லியிருந்தது.

நேர்மோதல் கணக்கு ஏன் பொய்த்தது? ஆனந்தின் வெற்றிகளில் பெரும்பகுதி, கார்ல்சன் பதின்பருவத்தில் இருந்தபோது பெற்றவை. பழைய அளவீட்டைப் புதிய பொருளின் மேல் ஏற்றக் கூடாது என்பது ஆய்வுக்கூடத்தின் முதல் பாடம். மேலும் 6க்கு 3 என்பது மிகச் சிறிய மாதிரி. ஒரு நாணயத்தை 9 முறை சுண்டினால் 6 முறை தலை விழுவது அதிசயமா என்ன?

எண் தோற்ற கதை

எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? 2000ஆம் ஆண்டின் இலண்டன் போட்டி நம்மை எச்சரிக்கிறது. காரி கஸ்பரோவ் 2849. விளாதிமிர் கிராம்னிக் 2770. எதிர்பார்ப்பு, கஸ்பரோவுக்கு 61 விழுக்காடு. தற்செயலை மட்டும் கணக்கில் எடுத்தால் கிராம்னிக் வெல்லும் வாய்ப்பு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் 15 ஆட்டங்களில் கிராம்னிக் 2 வெற்றி, 13 டிரா. கஸ்பரோவ் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லவில்லை.

இங்கே இயற்பியல் மாணவர் அறிந்த ஒரு வேறுபாடு உதவுகிறது. அளவீட்டுப் பிழை இருவகை. தற்செயல் பிழை அங்கும் இங்கும் சிதறும். பலமுறை அளந்தால் தேய்ந்துபோகும். முறைசார்ந்த பிழை ஒரே பக்கம் இழுக்கும். ஆயிரம் முறை அளந்தாலும் போகாது. சுழிப்பிழை உள்ள திருகு அளவியை எண்ணிப் பாருங்கள்.

எலோ எண் ஒருவரைப் பலருடன் மோதவிட்டுப் பெற்ற சராசரி. உலகப் பட்டப் போட்டியோ ஒரே ஒருவருடன் நடப்பது. அந்த ஒருவரின் பாணி நமக்கு ஒவ்வாததாக இருந்தால், பிழை ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரே பக்கம் இழுக்கும். வடசென்னையின் பழைய குத்துச்சண்டைப் பரம்பரைகளின் கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எல்லோரையும் அடித்து வீழ்த்தியவனை, அவனுக்கு 'சரிவரும்' ஒருவனைக் கொண்டே நிறுத்துவார்கள். கிராம்னிக் கஸ்பரோவுக்குச் சரிவரும் ஆள். 1995இல் நியூயார்க்கில் ஆனந்துக்கு எதிராகக் கஸ்பரோவ் ஆடியபோது, அவருக்கு உதவியாளராக இருந்து அவருடைய வழிகளைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். இலண்டனில் பெர்லின் தற்காப்பு என்ற பழைய முறையைத் தூசி தட்டி எடுத்தார். அதில் தொடக்கத்திலேயே இரு ராணிகளும் வெட்டுப்பட்டு விழும். தாக்குதலில் நிகரற்ற கஸ்பரோவின் வாள் உறையிலேயே கிடந்தது.

ஆனால் இக்கதைக்கு ஒரு நிழல் உண்டு. 1998இல் கிராம்னிக்கும் அலெக்சி ஷிரோவும் தகுதிக்காக மோதினர். வென்றவர் ஷிரோவ், 5½–3½. முறைப்படி கஸ்பரோவை எதிர்க்கும் உரிமை அவருக்கே. ஆனால் அவர் கஸ்பரோவை நீண்ட நேர ஆட்டத்தில் ஒரு முறைகூட வென்றதில்லை. போட்டிக்குப் போதிய பணம் கிடைக்கவில்லை; போட்டி நடக்கவே இல்லை. பின்னர் தோற்ற கிராம்னிக்குக்கு வாய்ப்புப் போனது, அவர் சாம்பியனானார். வல்லமையைப் பற்றிய கணிப்பு சரியாகவே இருந்தது. ஆனால் ஆடி வென்ற ஒருவரின் உரிமை பறிபோனது. கணிப்பு பலித்தது என்பதற்காக அதை நீதி என்று சொல்லிவிட முடியுமா?

சிங்கப்பூரில் பதினான்கு ஆட்டங்கள்

இனி 2024க்கு வருவோம். டிசம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில், சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ், சீனாவின் டிங் லிரனை 7½–6½ என்று வென்றார். மறுப்பற்ற உலகச் சாம்பியன் பட்டத்தை வென்றவர்களில் அவரே மிக இளையவர்.

போட்டிக்கு முன் நிலைமை என்ன? நேர்மோதலில் டிங் 2 வெற்றி, 1 டிரா. குகேஷுக்கு வெற்றி இல்லை. எண்களில் குகேஷ் 2783, டிங் 2728. டிங் பல மாதங்களாக நல்ல நிலையில் இல்லை. ஆகவே குகேஷ் எளிதாக வெல்வார் என்றே பலர் கருதினர். கணக்கு அவ்வளவு துணிந்து பேசவில்லை. வித்தியாசம் 55, எதிர்பார்ப்பு 58 விழுக்காடு. 14 ஆட்டங்களில் 8.1 புள்ளி. பாதியான 7ஐவிட 1.1 மட்டுமே மிகுதி.

இப்போது சிதறலைப் பாருங்கள். ஐந்தில் மூன்று ஆட்டங்கள் டிராவாகும் என்று கொண்டால், ஓர் ஆட்டத்தின் திட்ட விலக்கம் சுமார் 0.32 புள்ளி. 14 ஆட்டங்களுக்கு அதை 14இன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும், கிடைப்பது 1.2. எதிர்பார்க்கும் அனுகூலம் 1.1, தற்செயலின் சிதறல் 1.2! இதிலிருந்து கணக்கிட்டால், போட்டியை நேரடியாக வெல்லும் வாய்ப்பு குகேஷுக்கு ஏறத்தாழ நான்கில் மூன்று. நல்ல வாய்ப்புத்தான், உறுதி இல்லை.

நடந்ததும் அப்படியே. முதல் ஆட்டத்தையே டிங் கறுப்புக் காய்களுடன் வென்றார். குகேஷ் 3ஆம் ஆட்டத்திலும் 11ஆம் ஆட்டத்திலும் வென்றார். 12ஆம் ஆட்டத்தில் டிங் சமன் செய்தார். கடைசி ஆட்டத்தில் டிரா ஆகக் கூடிய நிலையில், 55ஆம் நகர்த்தலில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். காய்கள் வெட்டுப்பட்டு, சிப்பாய்கள் மட்டும் எஞ்சும் நிலையில் வெற்றி குகேஷுக்கு உறுதியாயிற்று.

ஆட்டங்களின் எண்ணிக்கை மிகுந்தால் என்ன ஆகும்? அனுகூலம் ஆட்ட எண்ணிக்கையோடு நேராக வளர்கிறது. சிதறல் அதன் வர்க்கமூலத்தோடு மட்டுமே வளர்கிறது. 56 ஆட்டங்கள் ஆடினால் அனுகூலம் 4.4, சிதறல் 2.4. தனி ஊசலின் அலைவுக் காலத்தைக் காண ஓர் அலைவை அளக்காமல் இருபது அலைவுகளை அளக்கிறோமே, அதுபோலத்தான் அளவு துல்லியமாகும். 1927இல் 34 ஆட்டங்கள் நடந்தன. 1951 முதல் 1972 வரை 24 ஆட்டங்கள் என்பது விதி. 2013இல் 12, 2024இல் 14. போட்டி சுருங்கச் சுருங்கத் தற்செயலின் பங்கு கூடுகிறது.

கணிப்பும் உரிமையும்

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால், சவால் விடுபவரைக் கணிக்க மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இன்றைய வலிமை என்ன? இதற்கு எலோ எண் நல்ல விடை தரும். பாணி எப்படிப் பொருந்துகிறது? இதை எண் சொல்லாது; அண்மைக்கால ஆட்டங்களைப் பார்க்க வேண்டும்; பத்தாண்டுப் பழைய வெற்றிகளை ஒதுக்கிவிட வேண்டும். எத்தனை ஆட்டங்கள்? குறைவானால், நம் கணிப்பின் குரலையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அவ்வளவு கவனமாகக் கணித்தாலும், அந்தக் கணிப்பைக் கொண்டு ஆளைத் தேர்ந்தெடுக்கலாமா? 2024 ஏப்ரலில் கனடாவின் டொராண்டோ நகரில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியை நினைவுகூருங்கள். எண்மர் மோதினர். எண் வரிசையில் கருவானா 2803, நகமுரா 2789 என்று முன்னணியில் இருந்தனர். குகேஷ் 2743 உடன் ஆறாம் இடத்தில் இருந்தார். அதே நகரைச் சேர்ந்த பிரக்ஞானந்தாகூட அவருக்கு ஒரு படி மேலே. அவர் வெல்வார் என்று கார்ல்சனும் கருதவில்லை. 7ஆம் சுற்றில் ஃபிரூஸ்ஜாவிடம் தோற்ற குகேஷ், முடிவில் 9 புள்ளியுடன் முதலிடம் பெற்றார். அடுத்து வந்த மூவருக்கும் 8½ புள்ளி. வெறும் அரைப் புள்ளி வித்தியாசம்!

எண்ணை மட்டும் பார்த்துச் சவால் வீரரை நியமித்திருந்தால், அந்த நாற்காலி குகேஷுக்குக் கிடைத்திருக்காது. வேகமாக வளரும் இளைஞனின் வலிமையை எந்த அளவுகோலும் சற்றுப் பின்தங்கியே காட்டும் என்று முன்பு கண்டோம். வளர்ச்சியை எண் காட்டும் வரை காத்திராமல், பலகையில் தானே காட்ட அவனுக்கு ஒரு வாசல் வேண்டும். அந்த வாசல்தான் தகுதிப் போட்டி. எலோவின் எண்ணும் அந்தப் பலகையிலிருந்தே பிறக்கிறது. ஆட்டம் நடந்த பின்னரே எண் திருந்துகிறது; எண்ணைக் காட்டி ஆட்டத்தை நிறுத்திவிட்டால், எண் திருந்தவும் வழியில்லை.

அடுத்த உலகப் பட்டப் போட்டி அறிவிக்கப்படும்போது, இருவரின் எண்களையும் குறித்துக்கொண்டு மேலே கண்ட கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். விடையைத் தாளில் எழுதி வையுங்கள். பக்கத்திலேயே சிதறலையும் எழுத மறக்காதீர்கள். பிறகு ஆட்டத்தைப் பாருங்கள்.